மிலானிலிருந்து திரானோ வழியாக பெர்னினா மலைவண்டி: சாதாரண டிக்கெட்டில் போய்வருவது எப்படி

இத்தாலியின் லொம்பார்தி மாநிலத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது திரானோ. சுமார் ஒன்பதாயிரம் பேர் வாழும் சிற்றூர். மிலானிலிருந்து வரும் இத்தாலிய ரயில்பாதை இங்கே முடிகிறது. செயின்ட் மொரிட்ஸ் என்ற சுவிஸ் மலையூருக்கு ஏறும் பெர்னினா பாதை இங்கே தொடங்குகிறது. இரண்டு நாட்டு நிலையங்களும் ஒரே சதுக்கத்தைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏற ஐந்து நிமிட நடை போதும். அந்த ஐந்து நிமிடத்தில் டிக்கெட் விதி, நாணயம், கைப்பேசி இணையம், சுங்கக் கணக்கு எல்லாமே மாறிவிடுகின்றன. இந்தப் பயணத்தில் வரும் சிக்கல்களில் பாதிக்குமேல் இந்த மாற்றத்தைக் கவனிக்காததால் வருபவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'பெர்னினா எக்ஸ்பிரஸ்' என்பது கூரைவரை கண்ணாடி போட்ட சுற்றுலாப் பெட்டிகள் கொண்ட வண்டி. அதில் பயணச்சீட்டோடு இருக்கை முன்பதிவும் கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம். அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் மேல், அதே சிவப்பு நிறத்தில், ஏறக்குறைய மணிக்கு ஒன்று வீதம் சாதாரண வட்டார வண்டியும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம். விரும்பிய நிலையத்தில் இறங்கி அடுத்ததில் ஏறலாம். எக்ஸ்பிரஸில் கண்ணாடி திறக்காது, படமெடுத்தால் உள்ளே இருப்பவர்களின் முகம் பிரதிபலிக்கும். வட்டார வண்டியின் சில பெட்டிகளில் ஜன்னலின் மேல்பாதியை இறக்கிவிடலாம். கோடை உச்சத்தில் சில வண்டிகளில் கூரையே இல்லாத மஞ்சள் பெட்டியும் சேர்ப்பார்கள். நடக்க முடியாத பெரியவர்களோடு போகிறீர்கள், இடம் உறுதியாக வேண்டும் என்றால் எக்ஸ்பிரஸ் சரி. மற்ற எல்லோருக்கும் வட்டார வண்டியே மேல். இனி சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

மிலானிலிருந்து திரானோ வரை

மிலானோ சென்ட்ராலே நிலையத்திலிருந்து ட்ரெனோர்ட் நிறுவனத்தின் வண்டி. மோன்சா, லெக்கோ, வரென்னா, கோலிகோ, மொர்பெனோ, சோந்திரியோ வழியாகச் சுமார் இரண்டரை மணி நேரம். பலகையில் கடைசி நிலையம் 'திரானோ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இதே பாதையில் லெக்கோவிலோ சோந்திரியோவிலோ முடிந்துவிடும் வண்டிகளும் உண்டு.

டிக்கெட்டுக்கு இருக்கை எண் கிடையாது. பத்து முதல் பதினைந்து யூரோவுக்குள் வரும் ஒருவழிக் கட்டணம், எப்போது வாங்கினாலும் ஒன்றுதான். ஒரு மாதம் முன்பே வாங்குவதால் மிச்சம் எதுவும் இல்லை. ஒரே நாளில் திரும்பப் போகிறீர்களானால், லொம்பார்தி முழுக்க ஒருநாள் செல்லும் 'இயோ வியாஜோ ஒவுங்குவே' சீட்டின் விலையையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ஒருவழிச் சீட்டுகளைக் கூட்டினால் வரும் தொகையைவிட அது குறைவாக இருப்பது வழக்கம். மிலான் மெட்ரோவும் அதிலேயே அடங்கும். ஆனால் அது திரானோவோடு சரி. சுவிஸ் வண்டிக்குச் செல்லாது.

தாள் டிக்கெட்டாக இருந்தால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை வாங்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்தானே என்று முத்திரையில்லாமல் உட்கார்ந்தால் அபராதம் போடுவார்கள். இயந்திரம் பழுதாக இருந்தால் வண்டி கிளம்பும் முன்பே பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் வந்து கேட்ட பிறகு சொல்லும் காரணத்துக்கு மதிப்பில்லை. கைப்பேசியில் வாங்கிய டிக்கெட் என்றால், ஏறுமுன் 'செக்-இன்' செய்யச் சொல்கிறதா என்று திறந்து பாருங்கள்.

போகும் திசையில் இடது பக்கம் உட்காருங்கள். லெக்கோ தாண்டியதும் கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டிப் பாதை போகிறது. ஏரி முழுவதும் இடப்புறம். வழியெல்லாம் சுரங்கங்கள், ஏரி தெரியும், மறையும், மறுபடி தெரியும். படமெடுக்க நல்ல இடம் வரென்னாவை நெருங்கும்போதுதான். கோலிகோவில் ஏரியை விட்டு வண்டி கிழக்கே திரும்பி வால்டெல்லினா பள்ளத்தாக்குக்குள் நுழையும். அங்கேயும் இடது பக்கமே நல்லது. வெயில் படும் அந்த வடக்குச் சரிவில்தான் திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக ஏறுகின்றன. சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய தாங்குசுவர்கள். பள்ளத்தாக்கு முழுவதும் சேர்த்தால் சுமார் 2,500 கி.மீ. நீளம் வரும் என்பார்கள். திரும்பி வரும்போது வலது பக்கம்.

வண்டியின் கழிப்பறையை நம்பிக் கிளம்ப வேண்டாம். பூட்டிக் கிடக்கும் நாளும் உண்டு.

இந்தக் கட்டத்தில் திட்டத்தைக் கவிழ்ப்பவை இரண்டு. ஒன்று, வேலைநிறுத்தம். 'ஷோப்பெரோ' என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிப்பார்கள், வெள்ளிக்கிழமைகளில் அதிகம் விழும். வேலை நாட்களில் காலை 6 மணிக்குப் பிறகு கிளம்பி 9 மணிக்குள் கடைசி நிலையம் சேரும் வண்டிகளும், மாலை 6 முதல் 9 வரையிலான வண்டிகளும் சட்டப்படி ஓடும். சனி, ஞாயிறில் அந்த உத்தரவாதம் இல்லை. இரண்டு, பாதைப் பராமரிப்பு. கோடையில் சில வாரங்கள் ஒரு பகுதியை மூடிவிட்டுப் பேருந்து விடுவது உண்டு. பேருந்து என்றால் நேரம் கூடும், சுவிஸ் இணைப்பு தவறும். போகும் தேதியைப் போட்டு ட்ரெனோர்ட் தளத்தில் தேடும்போது நடுவில் பேருந்துப் படம் தெரிந்தால், வேறு தேதி பார்ப்பது உத்தமம். நிலையப் பலகையில் 'சொப்ரெஸ்ஸோ' என்றால் வண்டி ரத்து. 'ரிதார்தோ' என்றால் தாமதம், பக்கத்தில் இருக்கும் எண் நிமிடக் கணக்கு.

சதுக்கத்தில் செய்ய வேண்டியவை

இத்தாலிய வண்டி வந்து சேர்வதற்கும் சுவிஸ் வண்டி கிளம்புவதற்கும் நடுவே பல சமயம் பத்து நிமிடம்தான் இருக்கும். இத்தாலிய வண்டி தாமதமானால், சுவிஸ் பாதையை நடத்தும் ரேட்டியன் ரயில்வேயின் வண்டி உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. அந்த ஒரு மணியைக் கணக்கில் வைத்தே நாளைத் திட்டமிட்டால் பதற்றம் இருக்காது. பத்து மணியை ஒட்டிச் சுற்றுலாக் குழுக்கள் வந்து இறங்கும். பெட்டிக் கண்ணாடியில் குழுவின் பெயர் ஒட்டியிருந்தால் அந்தப் பெட்டி அவர்களுக்கு. இருபது நிமிடம் முன்பே போய் நின்றால்தான் ஜன்னலோரம் கிடைக்கும்.

டிக்கெட்டை சுவிஸ் நிலையக் கவுண்டரிலோ, சுவிஸ் ரயில்வே செயலியிலோ வாங்கலாம். திரானோவிலிருந்து செயின்ட் மொரிட்ஸுக்கு இரண்டாம் வகுப்பு ஒருவழிக் கட்டணம் 30 பிராங்குக்குச் சற்று மேல். கவுண்டரில் யூரோவும் வாங்குவார்கள். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் திரானோ வரை செல்லும். அரைக்கட்டண அட்டை இருந்தால் பாதி. சாதாரண டிக்கெட்டில் அந்த நாள் முழுக்க, அதே திசையில், வழியில் இறங்கி ஏறலாம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் தள்ளுபடிச் சீட்டு ஒரே வண்டிக்கு மட்டும் செல்லும். நடுவே இறங்கினால் வீண். இதைக் கவனிக்காமல் மலிவு பார்த்து வாங்கிவிட்டு, வழியில் உள்ள போஸ்கியாவோவில் இறங்கியதும் புதுச் சீட்டு எடுக்க வேண்டியதாகிறது.

அடையாளம்: இரண்டு நாடும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். ஒருமுறை நுழையும் விசாவாக இருந்தாலும், திரானோவில் எல்லை தாண்டித் திரும்புவது வெளியேறுவதாகக் கணக்காகாது. ஆனால் பாஸ்போர்ட்டை மிலான் விடுதியில் பூட்டிவிட்டு வராதீர்கள். வண்டிக்குள் அதிகாரிகள் ஏறிக் கேட்பதுண்டு. கைப்பேசியில் இருக்கும் படம் பாஸ்போர்ட் ஆகாது.

கைப்பேசி: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இத்தாலியில் வாங்கிய சிம்மில் ஒன்றிய நாடுகளுக்கான இலவச ரோமிங், எல்லை தாண்டியதும் செல்லாது. கைப்பேசியோ யாரையும் கேட்காமல் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். திட்டத்தில் சுவிட்சர்லாந்து சேர்ந்திருக்கிறதா என்று முன்பே பார்த்து, இல்லையென்றால் வண்டி நகரும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். டிக்கெட், வரைபடம், நேர அட்டவணை மூன்றையும் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து ரோமிங் திட்டம் போட்டு வருபவர்களும் நாடுகளின் பட்டியலில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்செருகி: மெல்லிய இரண்டு முள் கொண்ட செருகி இரண்டு நாட்டிலும் பொருந்தும். உருண்ட கனத்த முள் கொண்ட ஜெர்மன் வகை, சுவிஸின் அறுகோணக் குழிக்குள் நுழையாது. இந்திய மூன்று முள் எதிலும் நுழையாது.

பணம்: போஸ்கியாவோ பள்ளத்தாக்குக் கடைகளில் யூரோத் தாளை வாங்கிக்கொள்வார்கள், சில்லறை பிராங்கில் வரும். அதில் வரும் நாணயங்களை இத்தாலிக்குத் திரும்பியபின் மாற்றுவது கடினம். அட்டையில் கொடுங்கள், இயந்திரம் எந்த நாணயத்தில் என்று கேட்டால் பிராங்கையே தேர்ந்தெடுங்கள். யூரோவையோ ரூபாயையோ தொட்டால் மாற்று விகிதத்தில் கையைக் கடிக்கும்.

மேலே ஏறும்போது

1908 முதல் பகுதி பகுதியாகத் திறந்து 1910இல் முழுமையான பாதை இது. செயின்ட் மொரிட்ஸ் வரை சுமார் 61 கி.மீ. திரானோ நிலையம் கடல்மட்டத்திலிருந்து 429 மீட்டர். உச்சியில் இருக்கும் ஓஸ்பிட்சியோ பெர்னினா 2,253 மீட்டர். சுமார் 38 கி.மீ. தூரத்தில் 1,824 மீட்டர் ஏற்றம். அதிகபட்சச் சரிவு நூற்றுக்கு ஏழு. ஊட்டி மலைவண்டியில் போனவர்களுக்கு ஒப்பிடத் தோன்றும். அங்கே பன்னிரண்டுக்கு ஒன்று என்ற இன்னும் செங்குத்தான ஏற்றம். அதனால்தான் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நடுவில் பல்தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். இங்கே பல் கிடையாது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிமானத்தை வைத்தே ஏறுகிறது. அதற்காகவே பாதையை இப்படிச் சுற்றிச் சுற்றி நீட்டியிருக்கிறார்கள். இரண்டுமே மீட்டர் கேஜ். இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை, ஊட்டி 2005இல், இது 2008இல்.

எந்தப் பக்கம் உட்காருவது? ஏறும்போது வலப்புறம் போஸ்கியாவோ ஏரி. இடப்புறம் லாகோ பியாங்கோ ஏரியும் மொர்தெராட்ச் பனியாறும். திரும்பி இறங்கும்போது பக்கம் மாறும். ஆகவே, போகும்போதும் இடது, வரும்போதும் இடது என்று வைத்துக்கொண்டால் எதுவும் தவறாது. ஜன்னலுக்கு ஜன்னல் ஓடுவதைவிட இது நிம்மதி.

கிளம்பியதும் வண்டி திரானோவின் தெருவிலேயே போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் பசிலிக்கா சதுக்கத்தைக் குறுக்கே கடக்கும். கார்கள் சிவப்பு விளக்கில் நிற்க, தேவாலய முகப்புக்கு முன்னால் வண்டி திரும்பும். அடுத்த நிறுத்தம் கம்போகொலோன்யோ. அது சுவிஸ் மண்.

கம்பாஷோ தாண்டி ப்ரூசியோவுக்கு முன்னால் வருவதுதான் எல்லோரும் காத்திருக்கும் வட்டப்பாலம். ஒன்பது வளைவுகள், 110 மீட்டர் நீளம், 70 மீட்டர் ஆரம். ஏறும் வண்டி முதலில் பாலத்தின் வளைவு ஒன்றுக்கு அடியில் நுழைந்து, புல்வெளியில் ஒரு முழுச்சுற்று அடித்து, அதே வளைவின் மேலேறிப் போகும். குறுகிய பள்ளத்தாக்கில் உயரம் கூட்ட வேறு இடமில்லாததால் செய்த ஏற்பாடு. திரானோவிலிருந்து கால் மணி, இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். கேமராவை அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் உட்புற ஜன்னலில் இருந்தால் வண்டியின் மறுமுனை எதிரே வருவது தெரியும். நடுப்பெட்டியில் உட்கார்ந்தால் இரண்டு முனையும் அரைகுறையாகத்தான் தெரியும். கடைசிப் பெட்டி சிறந்தது. வெளியே நின்று பார்க்க வேண்டுமானால் ப்ரூசியோவில் இறங்கிக் கால் மணி நேரம் கீழே நடக்கலாம்.

சிறு நிறுத்தங்களில் கேட்டால்தான் வண்டி நிற்கும். உள்ளே இருப்பவர் கதவருகே உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நடைமேடையில் இருப்பவர் அங்குள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், வண்டி உங்களைத் தாண்டிப் போகும். பிறகு ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதுதான்.

ஏரிக்கரையில் மிரலாகோ, லெ பிரேசே. பிறகு 1,014 மீட்டரில் போஸ்கியாவோ. இங்கே பேசுவது இத்தாலிய மொழிதான். மலைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனும் ரொமான்ஷும். கல் வீடுகளும் நிதானமான சதுக்கமும் கொண்ட ஊர். ஒரு மணி நேரம் இறங்கிப் பார்க்கத் தகும். அதற்கப்பால் உண்மையான ஏற்றம். கவாலியா 1,693 மீட்டர், ஆல்ப் க்ரூம் 2,091 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் போஸ்கியாவோ பள்ளத்தாக்கு ஒருமுறை இடத்திலும் ஒருமுறை வலத்திலும் தெரியும், ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழத்தில்.

ஆல்ப் க்ரூமில் இறங்குங்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இறங்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ரயிலிலோ நடந்தோதான் வர முடியும் என்பதால் கார் சத்தம் இல்லை. எதிரே பாலு பனியாறு, கீழே பச்சை நீரோடு அதன் ஏரி. நிலையக் கட்டடத்திலேயே உணவகம் இருக்கிறது. விலை சுவிஸ் விலை. ஒரு வண்டியில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறினால் சரியாக ஒரு மணி நேரம் கிடைக்கும், அது போதும். வானம் தெளிவாக இருந்தால் இங்கிருந்து ஓஸ்பிட்சியோவுக்கு நடந்தே போகலாம். குறியிட்ட பாதை உண்டு. பனிக்காலத்தில் வேண்டாம்.

ஓஸ்பிட்சியோவை ஒட்டி லாகோ பியாங்கோ, வெள்ளை ஏரி. பனியாறு அரைத்த கல்மாவு கலந்ததால் நீர் பால்போல் வெளுத்திருக்கும். கோடை தொடங்கும் வரை உறைந்தே கிடப்பதும் உண்டு. பக்கத்திலேயே கறுப்பு ஏரி என்று சிறியது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நீர் பிரியும் மேடு. கறுப்பு ஏரியின் நீர் இன் ஆறு, டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. வெள்ளை ஏரியின் நீர் போஸ்கியாவினோ ஆறாக இறங்கி, திரானோவில் அத்தா ஆற்றில் விழுந்து, போ ஆற்றோடு அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. நீங்கள் ஏறி வந்த வழிதான் அதற்கு இறங்கும் வழி.

உடை விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்துக்கொண்டால், திரானோவில் 28 டிகிரி இருக்கும் நாளில் மேலே 16. காற்று வீசினால் இன்னும் குறைவாகத் தோன்றும். ஜூலையிலும் ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை பையில் இருக்க வேண்டும். பனிக்காலத்தில் உறுதியான காலணி இல்லாமல் ஆல்ப் க்ரூம் நடைமேடையில் இறங்குவதே வழுக்கல். கருப்புக் கண்ணாடி எல்லாப் பருவத்துக்கும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூச வைக்கும். பாதை ஆண்டு முழுக்க ஓடுகிறது. எங்கள் தேர்வு கேட்டால், லார்ச் மரங்கள் பொன்னிறமாகும் அக்டோபர் பிற்பாதி, அல்லது வெயில் நீண்டும் பனி கரையாமலும் இருக்கும் மார்ச்.

ஒரு நாளா, இரண்டு நாளா?

மிலானிலிருந்து செயின்ட் மொரிட்ஸ் போய் அன்றே திரும்புவது முடியும். வண்டியில் மட்டும் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். விடியற்காலை வண்டியைப் பிடித்தால் நண்பகலை ஒட்டி செயின்ட் மொரிட்ஸ், இரண்டு மணி நேரம் அங்கே, இரவு எட்டை ஒட்டி மிலான். குழந்தைகளோடு இதைச் செய்ய வேண்டாம். செயின்ட் மொரிட்ஸ் ஊருக்குள் அந்த இரண்டு மணியில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, கடைகளின் கண்ணாடியைத் தவிர.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஓஸ்பிட்சியோவோடு திரும்புங்கள். வட்டப்பாலம், ஏரிகள், ஆல்ப் க்ரூம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். மொர்தெராட்ச் பனியாறு மட்டும் விடுபடும். திரானோவிலிருந்து ஓஸ்பிட்சியோவுக்கு ஒன்றரை மணிக்குச் சற்று மேல், டிக்கெட்டும் குறைவு. இரண்டு நாள் கிடைத்தால் திரானோவில் இரவு தங்குங்கள். சுவிஸ் பக்கத்தைவிட அறை வாடகை மிகக் குறைவு. காலை முதல் வண்டியில் கூட்டமே இருக்காது.

ஊருக்குள்

நிலையத்திலிருந்து வியாலே இத்தாலியா சாலையில் கால் மணி நேரம் நடந்தால் மதோன்னா தி திரானோ பசிலிக்கா. 1504 செப்டம்பர் 29 அன்று மரியன்னை இங்கே மாரியோ ஒமோதேய் என்பவருக்குக் காட்சி தந்ததாக நம்பிக்கை. அடுத்த ஆண்டே கட்டத் தொடங்கினார்கள். உள்ளே போனால் பின்னால் திரும்பி, மேலே பாருங்கள்: ஆர்கன் இசைக்கருவிக்கு மரத்தில் செதுக்கிய மாபெரும் கூடு. முட்டி, தோள் மறையும் உடை வேண்டும்.

வண்டி சதுக்கத்தைக் கடப்பதைப் படமெடுக்க, மணிக்கு இரு திசையிலுமாக இரண்டு வாய்ப்பு. நிலையத்திலிருந்து வண்டி கிளம்பும் நிமிடத்தைப் பார்த்து, அதற்கு முன்பே இடம் பிடியுங்கள். தண்டவாளத்துக்குத் தடுப்பு இல்லை. பெட்டி வளையும்போது உட்பக்கமாகச் சற்று துருத்தும். இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பசிலிக்காவுக்கு மேலே திராட்சைச் சரிவில் சாந்த பெர்பெத்துவா என்ற சிறு கோயில் இருக்கிறது. இருபது நிமிட ஏற்றம். பூட்டியிருந்தாலும் போகலாம், ஊரும் தண்டவாளமும் பள்ளத்தாக்கும் ஒரே பார்வையில் தெரியும். அத்தாவின் மறுகரையில் பழைய ஊர்: மிலான் பிரபுக்கள் காலத்து மதிலின் மிச்சமும், போர்த்தா போஸ்கியாவினா என்ற வாயிலும்.

சாப்பாட்டு நேரம் கறாரானது. மதியம் 12 முதல் 2 வரை. மாலை 7க்குப் பிறகு. மூன்று மணிக்குப் போய்ச் சோறு கேட்டால் சாண்ட்விச்தான் கிடைக்கும். பல கடைகளும் மதியம் மூடிவிடும். கேட்க வேண்டியது பிட்சொக்கேரி, இந்தப் பள்ளத்தாக்கின் பண்டம், இறைச்சி சேராதது. பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த பழுப்பு நாடாக்களை உருளைக்கிழங்கும் முட்டைகோசும் சேர்த்து வேகவைத்து, கசேரா சீஸை அடுக்கடுக்காகத் தூவி, பூண்டு போட்டுக் காய்ச்சிய வெண்ணெயை மேலே ஊற்றுவார்கள். பக்கத்து ஊர் தெல்யோவில் உள்ள பிட்சொக்கேரிக் கழகத்தின் அளவு நாலு பேருக்கு இப்படி: பக்வீட் மாவு 400 கிராம், கோதுமை மாவு 100, கோசு 200, உருளைக்கிழங்கு 250, கசேரா 250, துருவிய கிரானா சீஸ் 150, வெண்ணெய் 200. ஆளுக்கு ஐம்பது கிராம் வெண்ணெய்! சாப்பிட்டுவிட்டு வளைந்து வளைந்து மலையேறும் வண்டியில் உட்கார்ந்தால் வயிறு பேசும். மலையேறும் முன் இருவர் ஒரு தட்டைப் பகிர்வதும், இறங்கி வந்தபின் ஆளுக்கொரு தட்டும் சரியான முறை. ஆறினால் சீஸ் இறுகிவிடும், படமெடுத்துக்கொண்டே இருக்காதீர்கள்.

சியாட் என்பது சீஸை உள்ளே வைத்துப் பொரித்த பக்வீட் போண்டா. மாவில் சாராய வகை சேர்ப்பது வழக்கம் என்பதால் வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பிரெசாவோலா என்று மெல்லிய சிவப்புத் துண்டுகளாக வருவது உலர்த்திய மாட்டிறைச்சி. சாலட்டின் மேலும் பீட்சாவின் மேலும் சொல்லாமலே வந்துவிடும். இங்குள்ள பாரம்பரியச் சீஸ்கள் கன்றின் இரைப்பை நொதியால் உறைபவை. சுத்த சைவக்காரர்கள் தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவைச் சீஸ் இல்லாமல் கேட்பதே வழி: 'சென்ட்சா ஃபொர்மாஜோ'. பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருந்தால் அது ஏமாற்று அல்ல, மேசைக் கட்டணம்.

வாங்கிய பொருளோடு எல்லை தாண்டுவது

இத்தாலியில் வாங்கி சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோகும் பொருளுக்கு ஆளுக்கு 150 பிராங்க் மதிப்பு வரை வரியில்லை. 2025 ஜனவரி முதல் இந்த வரம்பு. அதற்கு முன் 300ஆக இருந்தது, பழைய குறிப்புகளில் அதைத்தான் பார்ப்பீர்கள். இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ, உலர்த்தியதும் கணக்கில் சேரும். 18 விழுக்காடு வரையிலான மது ஐந்து லிட்டர், அதற்கு மேற்பட்டது ஒரு லிட்டர்.

பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. மிலானில் ஒரே ரசீதில் 70 யூரோவுக்கு மேல் வாங்கி வரித் திருப்பப் படிவம் பெற்றிருக்கிறீர்கள். ஊருக்குத் திரும்பும் விமானம் சூரிச்சிலிருந்து. அப்படியானால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கள் வெளியேறும் இடம் திரானோ. படிவத்துக்கான சுங்க ஒப்புதலை இங்கேதான் பெற வேண்டும்; சூரிச் விமான நிலையத்தில் கேட்டால் இத்தாலியப் படிவத்துக்கு ஒன்றும் செய்ய மாட்டார்கள். நிலையத்தின் சுங்க அறையில் எந்நேரமும் ஆள் இருப்பதில்லை. பொருள், ரசீது, பாஸ்போர்ட் மூன்றையும் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்ற அவகாசத்தோடு வாருங்கள். விமானம் மிலானிலிருந்து என்றால் இந்தத் தலைவலி இல்லை. வாங்கியவற்றை விடுதியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு மலையேறலாம்.

திரும்பும் வண்டியைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். திரானோவில் இறங்கியதும் இத்தாலிய நிலையத்தின் புறப்பாட்டுப் பலகையில் மிலான் செல்லும் கடைசி இரண்டு வண்டிகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடைசிக்கு முந்தியதையே உங்கள் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குப் பிறகு வண்டிகள் அருகிவிடும். திரும்பும் பயணத்துக்கான தாள் டிக்கெட்டுக்கும் தனியாக முத்திரை வேண்டும்.